கொண்டை உடைந்த வெள்ளைக் கோழி

கோழியைக் காணோம் என்று புகார் வந்திருந்தால் ராஜபாண்டி அந்த வெயிலில் வெளியே கிளம்பியிருக்க மாட்டார். கோழி இருக்கிறது, ஆனால் அது அந்தக் கோழி இல்லை என்று புகார் வந்தது. உடனே சட்டையை மாட்டினார்.

"போன வாரம் மாப்பிள்ளைக்கு விக் இருக்கான்னு பாத்தோம். இந்த வாரம் கோழி" என்றாள் அவருடைய உதவியாளர் பவதாரிணி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே. "அடுத்த வாரம் முட்டை வந்துச்சுன்னா எனக்கு லீவு வேணும் சார்."

"ஹெல்மெட்டைப் போடு."

"போட்டா நான் பேசுறது உங்களுக்குக் கேக்காது."

"அதுக்குத்தான் சொல்றேன்."

ராஜபாண்டி நெடுங்காலம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு நஷ்டம் மதிப்பிடும் சர்வேயராக இருந்தவர். எரிந்த கடை, நொறுங்கிய கார், நனைந்த பஞ்சு மூட்டை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். உடைந்த பொருள் பொய் சொல்லாது, பக்கத்தில் நிற்கிற ஆள்தான் சொல்வான் என்பது அந்த வேலையில் அவருக்குப் படிந்த நம்பிக்கை. மனைவி இறந்த பிறகு கே.கே. நகர் வீட்டின் முன்னறையைத் துப்பறியும் அலுவலகமாக மாற்றினார். வீட்டில் யாருடைய குரலாவது கேட்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம். அதை விசிட்டிங் கார்டில் அச்சடிக்க முடியாது.

புகார் கொடுத்த சுஃபியாவின் வீடு காஜிமார் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றவர்கள் போன பிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான். கூடத்தில் நாலு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் மட்டும் உறை கசங்கியிருந்தது. ராஜபாண்டி அதைக் கவனித்துவிட்டு வேறொன்றில் உட்கார்ந்தார்.

சுஃபியாவின் தம்பி முஜிபுர் ரஹ்மானும் வந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, மருதாணி போட்ட செம்பட்டைத் தாடி, கையில் கார் சாவி. ஆனையூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனவர்.

"சார், நீங்களே பாருங்க" என்றார் முஜிபுர். "இதுதான் வழக்கு."

மேஜையில் இருந்தது ஒரு கோழி. பின்னிய கூடை மாதிரியான கூட்டின் மேல் அடைகாத்துக்கொண்டிருந்தது. முழுக்கப் பால் கண்ணாடி. உருகிய வெள்ளைக் கண்ணாடியை இரும்பு அச்சில் அழுத்திச் செய்த சாமான். கோழியைத் தூக்கினால் அது மூடி. கீழே இருக்கும் கூடு பாத்திரம். தூக்க இரண்டு கை வேண்டும்.

"எங்க பாட்டனார் காலத்துல கப்பல்ல வந்தது" என்றார் சுஃபியா. "இந்தச் சந்துல யாரு வீட்டு நிக்காஹ்னாலும் சபையில சந்தனம் வைக்க இதுதான் போகும். திரும்பி வர்றப்ப வெறுமனே வராது. சர்க்கரை நெறப்பித்தான் குடுப்பாங்க. அது வழக்கம்."

"இப்ப என்ன மாறிருச்சு?"

"கூடு எங்களுது. கோழி எங்களுது இல்ல."

முஜிபுர் ராஜபாண்டியைப் பார்த்தார். கேட்டீர்களா என்பது போல ஒரு பார்வை.

"லாத்தா, ரெண்டும் ஒரே சாமான். அதெப்படி பாதி மட்டும் மாறும்?" அவர் அக்காவிடம் கூட்டைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் ஒரு மயில் தலையும் ஒரு சாய்சதுரமும் புடைத்துக்கொண்டிருந்தன. "அத்தா காட்டுவாரே, இந்த மயில் இருக்கா இல்லையா? அப்பறம் என்ன?"

"மயிலு கூட்டுக்கு அடியில இருக்கு. கோழிக்கு அடியில இல்ல" என்றார் சுஃபியா. "சார், நான் அன்னாடம் இதைத் தொடைக்கிறவ. எங்க கோழிக்குக் கொண்டையில உடைசல் கிடையாது. இதுக்கு இருக்கு. எங்க கோழி உக்காந்தா அசையாது. இது ஆடுது. இம்புட்டு வருசமா இதுக்குள்ள சர்க்கரை வச்சிருக்கேன், ஒரு எறும்பு வந்ததில்ல. இப்ப கூட்டமா வருது."

"எறும்பு சாட்சி சொல்லுதுங்குறாங்க" என்று முஜிபுர் மெல்லச் சொன்னார்.

"வாய்தா கேக்காத சாட்சிண்ணே" என்றாள் பவதாரிணி. "கூப்பிட்ட உடனே வந்துரும்."

முஜிபுர் சிரிக்கவில்லை. ராஜபாண்டியை வாசல் பக்கம் அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"எதிர்வீட்டு சாதிகாக்காதான் மாத்திருச்சுன்னு சந்தே கேக்கச் சத்தம் போட்டுட்டாங்க சார். அவங்க ரெண்டு பேரும் சின்னப் புள்ளைலேருந்து ஒண்ணா இருந்தவங்க. இப்ப பேச்சு இல்ல. எனக்கு பயமா இருக்கு. மறதியில ஆரம்பிச்சு இப்பிடித்தான் சந்தேகமா வருமாம். கே.கே. நகர்ல டாக்டர்கிட்ட சாயங்காலம் டோக்கன் போட்டிருக்கேன். எங்க வீட்டு மாடியில அவங்களுக்கு ரூமும் கட்டியாச்சு."

கூடத்திலிருந்து சுஃபியாவின் குரல் வந்தது.

"மறைச்சுப் பேச வேணாம் முஜிபு. நானே சொல்லிர்றேன். சார், வெளியாளு ஒருத்தர் பாக்கட்டும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். இது அதே கோழிதான்னு நீங்க சொல்லிட்டா, எனக்குத்தான் புத்தி பிசகிருச்சு. சாவியைத் தம்பி கையில குடுத்துட்டு ஆனையூர் போயிர்றேன். பெறகு எதையும் எதுத்துப் பேச மாட்டேன்."

"சாயங்காலம் கார் எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு முஜிபுர் போனார். படியில் இறங்கும்போது ஒரு தடவை திரும்பி மேஜையைப் பார்த்தார்.

ராஜபாண்டி கூட்டையும் கோழியையும் மொட்டை மாடிக்கு எடுத்துப்போனார். முதலில் கூட்டின் விளிம்பைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். வெள்ளை விளிம்பின் ஓரத்தில் ஆரஞ்சுச் சிவப்பாக நெருப்புக் கோடு போல ஒன்று ஓடியது.

"அய்யோ, பத்திக்கிச்சு" என்றாள் பவதாரிணி.

"பழைய பால் கண்ணாடியில பல நேரம் இப்படித் தெரியும். அப்ப சேத்த சரக்கு அப்படி. இப்ப கோழியைப் பிடி."

அவள் பிடித்தாள். கோழி சும்மா இருந்தது. சூரியனுக்கு முன்னால் பிளாஸ்டிக் வாளி இருப்பது போல.

"செத்த கோழி சார்."

"இது மட்டும் பத்தாது. பழசிலயும் மந்தமானது உண்டு." அவர் கொண்டையின் உடைசலில் நகத்தை வைத்து இழுத்தார். "தொட்டுப் பாரு. கண்ணாடி சில்லு பேந்தா ஓரம் எப்படி இருக்கும்?"

"கிழிக்கும்."

"இது கிழிக்குதா?"

பவதாரிணி தொட்டாள். மறுபடி தொட்டாள். "சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி வழவழன்னு இருக்கு."

"அப்ப இது விழுந்து உடையல. பொறக்கும்போதே கொண்டை உடைஞ்சு பொறந்திருக்கு. எங்கேயோ கொண்டை உடைஞ்ச ஒரு பழைய கோழியை வச்சு அச்சு எடுத்திருக்காங்க. அச்சுக்கு எது கொண்டை எது உடைசல்னு தெரியாது. ரெண்டையும் வார்த்துக் குடுத்துரும்."

அவர் கோழியைக் கூட்டின் மேல் வைத்தார். பேருந்து டிக்கெட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து இடைவெளியில் செருகினார். தடையே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

"வார்த்தது ஆறினா சுருங்கும். அசலை வச்சு அச்சு எடுத்து இன்னொண்ணு வார்த்தா, அது அசலைவிட ஒரு நூல் சிறுசாத்தான் வரும். அந்த ஒரு நூல்ல நுழைஞ்சு போறதுக்கு யாரு இருக்கா?"

"எறும்பு" என்றாள் பவதாரிணி. முதல் தடவையாக அவள் குரலில் கிண்டல் இல்லை. "சரி, கூடு எந்தக் காலத்துச் சரக்கு சார்?"

"காரைக்குடிப் பக்கம் ஒரு பங்களாவுல கண்ணாடிச் சாமான் உடைஞ்ச கிளெய்முக்குப் போனேன். அங்க பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது." அவர் கூட்டின் அடியைத் திருப்பினார். நடுவில் மயில் தலை. பக்கத்தில் சாய்சதுரம், அதன் உச்சியில் ரோமன் எழுத்தில் மூன்று. "இங்கிலாந்துல டிசைனைப் பதிவு பண்ணினா இந்தக் கட்டம் போடுவாங்க. மூணுன்னா கண்ணாடி. ஆயிரத்தி எண்ணூத்தி எம்பத்தி மூணோட இந்தக் கட்டத்தை நிறுத்திட்டாங்க. மயில் தலை கேட்ஸ்ஹெட்னு ஒரு ஊர்ல இருந்த ஆலையோட முத்திரை. அது எழுபத்தி ஆறுலதான் வந்துச்சு. ரெண்டையும் சேத்துப் பாரு."

"எழுபத்தி ஆறுக்கும் எம்பத்தி மூணுக்கும் நடுவுல போட்ட டிசைன். அம்மாடி, கூட்டுக்குக் கொள்ளுத்தாத்தா வயசு. கோழிக்கு எல்.கே.ஜி. வயசு."

"ஆமா."

"அப்ப அந்தம்மா சொன்னது சரி."

ராஜபாண்டி கே.கே. நகர் வீட்டை நினைத்துக்கொண்டார். அங்கே சுவர்க் கடிகாரத்தை யாராவது மாற்றி வைத்தால் அவருக்குத் தெரியுமா? தெரியாது. ஒரு பொருள் மாறிவிட்டது என்று சொல்ல, அதை அன்றாடம் ஒருவர் பார்க்க வேண்டும். சுஃபியாவுக்குப் பார்ப்பதற்கு இந்தக் கோழியாவது இருந்தது.

கீழே இறங்கியதும் அவர் சுஃபியாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கடைசியாக இது எங்கெங்கே போய்வந்தது?

"தைத் தெப்பத்துக்கு முந்தின நாளு தம்பி மகளுக்கு நிக்காஹ். அதுக்குப் போச்சு. பெறகு நோம்பு வந்துருச்சு. சித்திரையில அழகர் கூட்டமெல்லாம் முடிஞ்ச வாரம் சாதிகா மகனுக்கு. அங்கேருந்து சர்க்கரையோட வந்த அன்னைக்கே எறும்பு. அதான் அவளைக் கேட்டேன்."

"தம்பி வீட்லேருந்து வந்தப்ப எறும்பு வரலையா?"

"அவன் சர்க்கரையா குடுத்தான்? பாதாம் பருப்பு வச்சுக் குடுத்தான். வசதி வந்துருச்சுல்ல" என்று சொல்லிச் சுஃபியா சிரித்தார். அந்தச் சிரிப்பில் தம்பியைப் பற்றிய பெருமை இருந்தது. "மூடிக்கு மேல துணியும் கட்டிக் குடுத்தான். நான் துணியோடவே மூடியைத் தூக்கி, பருப்பை டப்பாவுல கொட்டிட்டு, அப்பிடியே மூடி அலமாரியில வச்சுட்டேன். நோம்பு வேலை, பெருநாள் வேலைன்னு பெறகு தொடைக்கக்கூட எடுக்கல. சாதிகா கேட்டப்ப அப்பிடியே தூக்கிக் குடுத்தேன்."

எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெண் நின்றிருந்தார். ராஜபாண்டி வெளியே வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"போலீசா?"

"இல்லம்மா. தனியார்."

"யாரா இருந்தா என்ன. நான் மாத்தலைன்னு எழுதிக்கங்க." சாதிகாவின் கண்கள் சிவந்திருந்தன. "தினம் சாயங்காலம் அவ வீட்ல டீ, இல்லாட்டி என் வீட்ல டீ. இப்ப ஒரு டம்ளர் போட்டு ஒத்தையா குடிக்கிறேன். அவளும் அப்பிடித்தான் குடிப்பா. குடிக்கட்டும்."

ஜன்னல் மூடிக்கொண்டது.

இப்படிப்பட்ட கோழி எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்து இருவரும் விளக்குத்தூண் பக்கம் போனார்கள். அங்கே பழைய சாமான் கடை வைத்திருந்த பேச்சிமுத்து, ஆளைப் பார்த்து வயது சொல்கிறவர். வந்தவர் காரில் வந்தால் சாமானுக்கு இருநூறு வயது. நடந்து வந்தால் நூறு. பவதாரிணியின் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு நடுவில் ஒரு வயதைப் பிடித்தார்.

"நூத்தம்பது வருசம் தாயி. செட்டிநாட்டு அரமனைச் சரக்கு."

அலமாரியில் நாலு வெள்ளைக் கோழிகள் வரிசையாக அடைகாத்துக்கொண்டிருந்தன. பவதாரிணி ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"கேளு தாயி."

"நாலு கோழிக்கும் கொண்டையில அதே எடத்துல அதே உடைசல். அரமனையில நாலும் ஒரே நாள்ல, ஒரே மூலையில, ஒரே மாதிரியா விழுந்துச்சு?"

பேச்சிமுத்து ராஜபாண்டியைப் பார்த்தார். "உங்க மகளாண்ணே?"

"இல்ல."

"கொடுத்து வச்சவரு." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "சரி, வடக்கேயிருந்து பெட்டியில வருதுண்ணே. விக்கிறவன் நூறு வருசம்ங்கிறான். வாங்குறவுகளும் நூறு வருசம்னு சொன்னாத்தான் வாங்குறாக. நடுவுல நான் மட்டும் உண்மையைச் சொல்லி என்ன செய்ய?"

ராஜபாண்டி கல்லாப்பெட்டியைக் காட்டினார். அதன் மேல் ஒரு வெள்ளைக் கூடு இருந்தது. உள்ளே ரப்பர் பேண்டும் குண்டூசியும் கிடந்தன. மேலே கோழி இல்லை.

"இதோட கோழி எங்க?"

"அதை ஏன் கேக்குறீக. அப்பிடி ஒரு கிராக்கியை நான் பாத்ததே இல்ல. தெப்பத்துக்கு மறுநாள். கடையைத் தொறக்குறேன், வாசல்ல நிக்காரு. கையில மஞ்சப்பை. உள்ள இதே மாதிரி ஒரு கூடு, அசல் பழசு. எங்கிட்ட இருந்த அம்புட்டுக் கோழியையும் எடுத்து ஒவ்வொண்ணா அது மேல உக்கார வச்சுப் பாக்காரு. இது ஆடுது, அது ஆடுதுன்னு. கடைசியில கொறைச்சலா ஆடுனதை எடுத்துக்கிட்டு, கூடு வேணாம், நீங்களே வச்சுக்கங்கன்னு போயிட்டாரு. வெலைகூடப் பேசல."

"எடுத்துக்கிட்டாரா, எடுத்துக்கிட்டாங்களா?" என்றாள் பவதாரிணி. "ஒரு அம்மாதானே வந்தாங்க?"

"அம்மாவா? தாடி வச்ச அம்மாவா?" பேச்சிமுத்து தாடையைத் தடவிக் காட்டினார். "மருதாணித் தாடி. ஆனையூர்லேருந்து வாரேன்னாரு. கண்ணு கலங்கிப் போயிருந்துச்சு. அண்ணே, எங்க லாத்தா பாத்தா கண்டுபிடிச்சிருவாங்களான்னு கேட்டாரு. அன்னாடம் பாக்குறவுகளா இருந்தா கண்டுபிடிச்சிருவாகன்னேன். சர்க்கரை கிர்க்கரை போட்டுராதீக, மூடி நிக்காது, எறும்பு ஏறும்னும் சொல்லி அனுப்புனேன்."

பவதாரிணி ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

வெளியே வந்து இருவரும் எலுமிச்சை சோடா குடித்தார்கள்.

"ஊரே சர்க்கரை போட்டுக் குடுக்குது. இவரு மட்டும் பாதாம். மேல துணி வேற" என்றாள் அவள். "அதான் சார் அந்தாளு பண்ணுன தப்பு. வசதின்னு அந்தம்மா பெருமைப்படுது. அந்தாளு எறும்புக்கு பயந்திருக்கான்."

"ம்."

"ஒடைச்சதைக்கூட விட்டுரலாம். சொந்த அக்காவுக்குப் பைத்தியம்னு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கானே? வாங்க சார், பேச்சிமுத்துவைக் கூட்டிட்டுப் போயி நேருக்கு நேர் நிப்பாட்டுவோம். படத்துல எல்லாம் கடைசியில அப்பிடித்தான்."

"முதல்ல நம்ம கட்சிக்காரங்ககிட்ட சொல்லணும். அவங்கதான் நம்மளைக் கூப்பிட்டது."

இந்த வேலையில் அவருக்குப் பிடிக்காத பகுதி இதுதான். சர்வேயராக இருந்தபோது நஷ்டம் எவ்வளவு என்று எழுதி அனுப்பிவிட்டால் போதும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

சுஃபியா கசங்கிய உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணி மூட்டை ஒன்று தயாராக இருந்தது. டாக்டரிடம் போவதற்கா, ஆனையூருக்கா என்று தெரியவில்லை. ராஜபாண்டி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க ஞாபகத்துல ஒரு கோளாறும் இல்லம்மா. கூடு பழசு, கோழி புதுசு."

சுஃபியா கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ ஓதுவது போல உதடு அசைந்தது. கண்ணைத் திறந்தபோது முகம் இளகியிருந்தது.

"ராத்திரியெல்லாம் யோசிப்பேன் சார். ஒருவேளை கொண்டை முன்னாடியே உடைஞ்சிருந்து, நாந்தான் மறந்துட்டேனோன்னு. எதையெல்லாம் மறந்திருப்பேனோன்னு. மறந்தது என்னன்னு எப்பிடித் தெரியும், சொல்லுங்க? கேக்கவும் ஆளில்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சாதிகாதானே?"

"இல்லம்மா."

அவர் கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னார். மஞ்சள் பை, மருதாணித் தாடி, பாதாம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கண் கலங்கியிருந்ததையும் சொன்னார். அதுவும் நடந்ததுதானே.

சுஃபியா மேஜையில் இருந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவதாரிணி போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். அவர் வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில். "ஒடைஞ்சா ஒடைஞ்சிட்டுப் போகுது. நான் என்ன செஞ்சிருவேன் அவனை?"

"சொல்லியிருக்கலாம்."

"சார், அவன் வந்தா இதைச் சொல்லாதீங்க."

"அம்மா!" என்றாள் பவதாரிணி. "உங்களைக் கொண்டுபோயி…"

"தெரியுது தாயி. ஆனா இந்தக் கதவைத் தட்டுறதுக்கு இருந்தது ரெண்டு பேரு. ஒருத்தியை நானே வெரட்டிட்டேன். இவனும் வெக்கப்பட்டுட்டு வராம நின்னுட்டான்னா, நான் ஜெயிச்சு என்ன செய்ய? இந்தக் கோழியோட பேசிக்கிட்டு இருக்கவா?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முஜிபுர் உள்ளே வந்தார். மூட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு ராஜபாண்டியைப் பார்த்தார்.

"பாத்துட்டீங்களா சார்?"

"பாத்துட்டேன். உங்க லாத்தா சொன்னது சரி. கூட்டுக்கு நூத்தி நாப்பது வயசுக்கு மேல. கோழிக்கு ரெண்டு வயசு இருந்தா அதிகம்."

முஜிபுர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"கோழியை வித்த கடையையும் பாத்துட்டோம்" என்றார் ராஜபாண்டி. "தெப்பத்துக்கு மறுநாள் வித்திருக்காங்க. சாதிகாம்மா வீட்டுக் கல்யாணம் அழகர் முடிஞ்சு. அவங்க வாங்கிட்டுப் போனப்பவே மேல உக்காந்திருந்தது இந்தப் புதுக் கோழிதான்."

"வாங்கின ஆளு…" முஜிபுரின் குரல் பாதியில் நின்றது.

"அது யாருன்னு எனக்குத் தெரிய வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் சுஃபியா. தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "டாக்டருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிரு முஜிபு. மாடி ரூமை வாடகைக்கு விடு."

பவதாரிணி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். முஜிபுர் அப்படியே நின்றார்.

சுஃபியா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார்.

"எதிர்வீடு வரைக்கும் போய்ட்டு வாரேன் சார். கோழி விசயத்துல நான் சொன்னது சரி. ஆளு விசயத்துல தப்பு. அவளைச் சந்து கேக்கத் திட்டினேன். மன்னிப்பும் சந்து கேக்கத்தான் கேக்கணும்."

சந்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. சுஃபியா படியேறிச் சாதிகாவின் கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார்.

"சாதிகா. நான்தான்."

பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. அதற்கடுத்த வீட்டில் இன்னொன்று. சுஃபியா குரலை உயர்த்தினார். உயர்த்திப் பழகாத குரல், நடுவில் உடைந்தது.

"நீ மாத்தல சாதிகா. நாந்தான் தப்பாப் பேசிட்டேன். எல்லாரு முன்னாடியும் சொல்றேன், என் மேலதான் தப்பு. என்னை மன்னிச்சிரு."

உள்ளே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

ராஜபாண்டி இந்தப் பக்கத்து வாசலில் நின்றிருந்தார். அவருக்கு அருகில் முஜிபுர். கார் சாவியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ராஜபாண்டி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த மனிதர் உள்ளே போய்விடுவார் என்று அவருக்குத் தெரியும்.

"என் மேலதான் தப்பு சாதிகா" என்று சுஃபியா மறுபடி சொன்னார்.

முஜிபுர் சாவியை வாசற்படியில் வைத்தார். செருப்பு மாட்டாமல் கொதிக்கிற தரையில் இறங்கி, சந்தைக் கடந்து, அக்காவுக்குப் பின்னால் போய் நின்றார்.

"லாத்தா, நீ பேசாத." அவர் கதவைப் பார்த்துப் பேசினார். "சாதிகாக்கா, ஒடைச்சது நான். கார்லேருந்து எறக்கும்போது கை நழுவிருச்சு. லாத்தா முகத்தைப் பாக்க பயந்துக்கிட்டு வேற வாங்கி வச்சேன். உங்க மேல பழி விழுந்தப்பவும் வாயைத் தொறக்கல. இவங்களுக்குப் புத்தி சரியில்லன்னு…" அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

சுஃபியா தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. படி குறுகலானது. கொஞ்சம் ஒதுங்கித் தம்பிக்கும் நிற்க இடம் விட்டார்.

கதவு இன்னும் திறக்கவில்லை. இரண்டு பேரும் அதன் முன்னால் காத்து நின்றார்கள்.